போ ஜாக்சனின் இடது இடுப்பு மூட்டு: ரத்தம் வராமல் செத்த எலும்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

இடுப்பு மூட்டில் அடிபட்டவர் நொண்டியாவது நடந்துவிட்டால், எக்ஸ்-ரேயிலும் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டால், மைதானத்திலும் சரி, வீட்டிலும் சரி, தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறோம். அந்த நிம்மதியை நம்பக் கூடாது என்பதற்கு விளையாட்டு மருத்துவத்தில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படும் நிகழ்வு, அமெரிக்க வீரர் போ ஜாக்சனுடையது. 1991 ஜனவரியில் அடிபட்டது. 1992 ஏப்ரலில் மூட்டையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டியதாயிற்று. இடையில் இருந்த 15 மாதங்களில் அந்த எலும்புக்குள் என்ன நடந்தது, வெளியே என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அதிலிருந்து இன்றைக்கு நமக்கு என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அவருடைய மருத்துவக் கோப்பைப் பார்த்து எழுதியதல்ல. பொதுவெளியில் பதிவான தகவல்களையும், ரத்தம் வராமல் எலும்பு சாகும் இந்த நோயைப் பற்றி எலும்பியல் அறிந்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

ஆள்

போ என்று அழைக்கப்படும் வின்சென்ட் எட்வர்ட் ஜாக்சன், அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸமர் ஊரில் 1962 நவம்பர் 30 அன்று பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1985இல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றார். 1986இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியில் பேஸ்பால் ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் ரெய்டர்ஸ் அணியில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். ஆண்டின் பெரும்பகுதி ஒரு விளையாட்டு, அது முடிந்த கையோடு இன்னொன்று. 1989இல் பேஸ்பாலின் ஆல்-ஸ்டார் போட்டியில் ஆட்டநாயகன். 1990 பருவத்தில் கால்பந்தின் ப்ரோ பௌல் ஆட்டத்துக்குத் தேர்வு. இரண்டு விளையாட்டிலும் நட்சத்திர அணிக்குத் தேர்வான ஒரே ஆள் அவர்தான்.

நம் ஆய்வுக்கு வேண்டிய குறிப்புகள்: அடிபட்டபோது வயது 28, எடை 100 கிலோவுக்கு மேல், ஓட்டத்தில் மிகச் சிலரால் மட்டுமே எட்டிப்பிடிக்க முடிந்த வேகம். எடையும் வேகமும் இவ்வளவு சேர்ந்து ஒரே உடம்பில் அமைவது அபூர்வம். ஒருவர் காலைப் பிடித்து நிறுத்தும்போது அந்த வேகம் முழுவதும் எங்கே போய் இறங்கும் என்பதுதான் கேள்வி.

1991 ஜனவரி 13

லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம். நான்கு பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் ஜாக்சன் பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டி 34 யார்டு ஓடினார். பெங்கால்ஸ் வீரர் கெவின் வாக்கர் பின்னாலிருந்து காலைப் பிடித்து அவரை வீழ்த்தினார். காணொளியில் பார்த்தால் அப்படியொன்றும் கொடூரமான மோதல் இல்லை. அதைவிடப் பயங்கரமான அடிகளை ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்துப் பேர் வாங்குகிறார்கள். ஆனால் உடம்பு முன்னால் பாய்ந்துகொண்டிருக்க, கால் பின்னால் பிடிபட்டு நின்ற அந்தக் கணத்தில், தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியின் பின்விளிம்பை இடித்துக்கொண்டு நழுவியது.

கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தார்கள். மூட்டு வெளியே வந்ததைத் தான் உணர்ந்ததாகவும், தானே அதை உள்ளே ஏற்றிக்கொண்டதாகவும் ஜாக்சன் சொன்னதாக, ராயல்ஸ் அணித் தோழர் ஜார்ஜ் பிரெட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அது முடியாத காரியம், அவ்வளவு பலம் யாருக்கும் கிடையாது என்பதே அங்கிருந்தவர்களின் பதிலாக இருந்ததாம். கையால் இழுத்து ஏற்றியிருப்பாரா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நழுவிய மூட்டு, விழுந்து புரளும்போதே தானாக உள்ளே போவது நடக்கக்கூடியது. நழுவல் முழுமையாக இல்லாமல் பாதியில் நின்றிருந்தால் அப்படித்தான் நடக்கும். ஒரு நோயாளி இப்படிச் சொல்லும்போது அதை வீம்பு என்று ஒதுக்கக் கூடாது. இந்த நிகழ்வில் நோயைக் காட்டிக்கொடுத்த முதல் வாக்குமூலமே அதுதான்.

ரெய்டர்ஸ் 20-10 என்று வென்றது. ஜாக்சன் 6 முறை பந்தோடு ஓடி 77 யார்டு எடுத்திருந்தார். முதலில் வெளிவந்த செய்திகள் இடுப்பில் சாதாரண அடி என்ற தொனியிலேயே இருந்தன. அடுத்த வாரம் அவர் இல்லாமல் ஆடிய ரெய்டர்ஸ், பஃபலோ பில்ஸிடம் 51-3 என்று தோற்றது. அதன்பின் அவர் கால்பந்து ஆடவே இல்லை.

மூட்டுக்குள்

இடுப்பு மூட்டு உடம்பிலேயே ஆழமாக, கெட்டியாக அமைந்த மூட்டு. தோள்பட்டை நழுவுவதுபோல அது எளிதில் நழுவாது. நழுவ வேண்டுமானால் பெரிய விசை வேண்டும். அதே விசை போகிற போக்கில் மூன்று சேதங்களைச் செய்துவிடும்: குழியின் பின்விளிம்பை உடைக்கும், மூட்டு உறையையும் அதைப் பிடித்திருக்கும் இலியோஃபெமொரல் தசைநாரையும் கிழிக்கும், மூட்டுக்குள் ரத்தத்தைக் கசியவிடும். ஜாக்சனுக்குப் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பாதி நழுவலின் அடையாளமாகக் கொள்கின்றன.

நான்காவது சேதம் கண்ணுக்குத் தெரியாது. தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் வரும் பாதை குறுகலானது. வளர்ந்தவர்களுக்கு அந்த ரத்தம் பெரும்பாலும் உட்புற சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி என்ற ஒரே குழாயை நம்பியிருக்கிறது. அதன் நுண்கிளைகள் தொடை எலும்பின் கழுத்தை ஒட்டியபடி, பின்பக்கமாக மேலேறித் தலைக்குள் நுழைகின்றன. தலையின் உச்சியில் ஒட்டியிருக்கும் சிறு தசைநாருக்குள்ளும் ஒரு குழாய் உண்டு. வளர்ந்தவர்களிடம் அதனால் பெரிய பயன் இல்லை. தலை பின்பக்கம் நழுவும்போது அந்தக் கிளைகள் இழுபடலாம், முறுக்கிக்கொள்ளலாம், அறுந்தும் போகலாம். மூட்டு உள்ளே போன பிறகும் ஆபத்து தீராது. உறைக்குள் கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கினால் உள்ளழுத்தம் ஏறும். மிஞ்சியிருக்கும் நுண்குழாய்களையும் அது நசுக்கிவிடும்.

ரத்தம் நின்றதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் செல்கள் 6 முதல் 12 மணி நேரத்தில் சாகின்றன. எலும்புச் செல்கள் 12 முதல் 48 மணி நேரத்துக்குள். கொழுப்புச் செல்கள் 2 முதல் 5 நாள்வரை தாங்கும். செல்கள் செத்தாலும் எலும்பின் சுண்ணாம்புச் சட்டம் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு எக்ஸ்-ரே எடுத்தால், உயிருள்ள எலும்பும் செத்த எலும்பும் ஒன்றுபோலவே தெரியும். எடையும் தாங்கும். இதனால்தான் முதல் சில வாரங்களில் நோயாளிக்கு வலி குறைந்து, தேறிவிட்டோம் என்ற எண்ணமே வருகிறது.

உண்மையான அழிவைத் தொடங்கிவைப்பது உடம்பு செய்யும் பழுதுபார்ப்பு வேலை. ரத்தம் உள்ள ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் செத்த பகுதிக்குள் ஊர்ந்து வருகின்றன. அவற்றோடு வரும் செல்கள் பழைய எலும்பைத் தின்கின்றன, பின்னால் வரும் செல்கள் புது எலும்பை வைக்கின்றன. தின்னும் வேகத்துக்கு வைக்கும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி கரையான் அரித்த உத்தரம்போல ஆகிறது: மேலே பார்த்தால் முழுசாக இருக்கும், பாரம் ஏறினால் இறங்கிவிடும். நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை விழுகிறது, ஓடும்போது அது இன்னும் பல மடங்கு ஏறும். 100 கிலோ மனிதருக்கு, மாடிப்படி ஏறாமல் சும்மா நடந்தாலே ஒவ்வொரு அடிக்கும் 250 கிலோ. ரத்தமில்லாமல் செத்த எலும்பின் மேல் இப்படி நாளெல்லாம் விழும் சிறு அடிகள் சேர்ந்து நுண்முறிவுகளாகின்றன. ஒருநாள் தலையின் உருண்டை தட்டையாகிவிடுகிறது. முதல் காயம் ரத்தத்தைப் பறித்தது, அடுத்தடுத்த அடிகள் வடிவத்தைப் பறித்தன. இந்த நோயில் இரண்டும் தனித்தனி அல்ல.

படம் பிடிக்கும் கருவியும் காலமும்

ரத்தம் வராமல் எலும்பு சாகும் நோய்களை மருத்துவம் தனியாகப் பிரித்து அறிந்ததே எக்ஸ்-ரே வந்த பிறகுதான். குழந்தை நொண்டுகிறது, இடுப்பு வலிக்கிறது என்றால் அதற்கு முன்பெல்லாம் எலும்புக் காசநோய் என்றே முடிவு கட்டினார்கள். 1910இல் பாஸ்டனில் ஆர்தர் லெக், பிரான்ஸில் ழாக் கால்வே, ஜெர்மனியில் கியோர்க் பெர்தெஸ் மூவரும் தனித்தனியே, இது காசநோய் அல்ல, வேறு நோய் என்று எழுதினார்கள். அதே ஆண்டில்தான் வியன்னாவில் ராபர்ட் கீன்பாக், மணிக்கட்டின் லூனேட் எலும்பு இதேபோல் சாவதை விவரித்தார். முழங்காலுக்குக் கீழே எலும்புமேடு வீங்கி வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் 1903லேயே பதிவாகியிருந்தது. வளரும் பருவத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு, தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது அது. ரத்தக்குறைவு அதில் முதன்மைக் காரணம் அல்ல. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் தானாக அடங்கிவிடும்.

அந்த மூவரும் எழுதிய, பெர்தெஸ் பெயரால் அறியப்படும் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு அதிகமாக வரும் இந்த நோயில் தொடை எலும்புத் தலை செத்து, மெத்தென்றாகி, பல ஆண்டுகளில் திரும்ப உருவாகிறது. அந்தக் காலம் முழுக்கத் தலையைக் குழிக்குள் சரியாகப் பொருத்தி வைத்திருந்தால், குழியே அச்சாக இருந்து அதை உருண்டையாக வளர்த்துவிடும். சின்ன வயதில் வந்த நோய்க்குப் பெரும்பாலும் நல்ல முடிவு உண்டு. அதே நோய் 28 வயதுக்காரருக்கு வந்தால் அந்த வளர்ச்சி கிடையாது. ஒரே எலும்பு, ஒரே ரத்தத்தடை, வயது மட்டும் வேறு. முடிவு தலைகீழ்.

எக்ஸ்-ரே இந்த நோயை உலகுக்குக் காட்டியது உண்மை, ஆனால் அது காட்டுவது வெகு தாமதமாக. செத்த பகுதியின் நிறம் மாறவோ, குருத்தெலும்புக்கு அடியில் பிறைபோல ஒரு கீற்று விழவோ வாரங்களும் மாதங்களும் ஆகும். பிறை தெரியும்போது எலும்பு இறங்க ஆரம்பித்தாயிற்று. 1980களில் வந்த எம்.ஆர்.ஐ. இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தது. மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தை அது முன்கூட்டியே பிடிக்கிறது. ஆனால் அடிபட்ட அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் போதும் என்பதும் தவறு. முதல் சில நாட்களில் அதுவும் ஏமாற்றலாம்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை

ஜாக்சனின் விஷயத்தில் குழியின் பின்விளிம்பு முறிவும், அதைத் தொடர்ந்து ரத்தத்தடையால் எலும்பு செத்ததும், மூட்டின் குருத்தெலும்பு அழிந்துகொண்டிருந்ததும் பிற்பாடு உறுதியாயின. 1991 மார்ச் 18 அன்று ராயல்ஸ் அணி அவரை விடுவித்தது. அந்த ஆண்டு அவரால் ஆட முடியாது என்பது அவர்களுடைய மருத்துவக் கணிப்பு. ஏப்ரல் 3 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஊன்றுகோலோடு தொடங்கிய அந்த ஆண்டின் செப்டம்பர் 2 அன்று அவர் மறுபடி களத்தில் நின்றார். அந்தப் பருவத்தில் 23 ஆட்டங்கள், பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் 3.

உலகம் அதை அற்புதம் என்றது. விளையாட்டாக எடுத்துக்கொண்டால் அது உண்மையிலேயே அற்புதம்தான். மருத்துவமாக எடுத்துக்கொண்டால் என் மனசு ஒப்பவில்லை. செத்த எலும்புத் தலை இறங்காமல் தாங்குவதற்கு ஒரே வாய்ப்பு, பாரத்தைக் குறைத்து நேரம் கொடுப்பது. ஒரு தொழில்முறை வீரருக்கு அந்த நேரம்தான் கிடைப்பதில்லை. குருத்தெலும்பும் சேர்ந்து அழிந்த மூட்டில், அவர் ஓய்வாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்றால், மாறாமலே போயிருக்கலாம். அதனால் அந்த 23 ஆட்டங்களின் மேல் பழி போட நான் தயாரில்லை. ஆனால் வேறொரு வீரருக்கு, தலை இன்னும் உருண்டையாக இருக்கும் கட்டத்தில், இதையே முன்மாதிரியாகக் காட்டி ஆடச் சொன்னால் அது குற்றம்.

1992 வசந்தகாலப் பயிற்சியில் அவர் நொண்டியது எல்லோருக்கும் தெரிந்தது. ஏப்ரலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. அந்த ஆண்டு முழுக்க ஆட்டம் இல்லை. அதே ஆண்டில் அவருடைய அம்மாவும் புற்றுநோயில் காலமானார். திரும்பி வந்து ஆடுவேன் என்று அம்மாவுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

செயற்கை மூட்டோடு

இன்று நாம் அறிந்த மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. ரைட்டிங்டன் மருத்துவமனையில், டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்து தோற்றபின், அடர்த்தியான பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு அவர் மாறியது 1962 நவம்பரில். ஜாக்சன் பிறந்ததும் அதே மாதம். அந்த மூட்டு வலியில் முடங்கிய முதியவர்களை நடக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு பந்தயத்தில் ஓடுவார் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். உலோகத் தலை பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசும் ஒவ்வொரு முறையும் நுண்துகள் உதிரும். துகள்களை உடம்பு எதிர்க்கும்போது சுற்றியுள்ள எலும்பு கரையும், மூட்டு தளரும். ஓட்டமும் குதியும் கூடக்கூட உதிர்வும் கூடும். அதனால்தான் இளையவருக்கு மூட்டு மாற்றச் சொல்லும்போது மருத்துவர்கள் அவ்வளவு தயங்குகிறார்கள்.

1993 ஏப்ரல் 9, சிகாகோ. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று மட்டையாளராக ஜாக்சன் இறங்கினார். மட்டையைச் சுழற்றிய முதல் வீச்சிலேயே பந்து வேலிக்கு வெளியே போனது. செயற்கை இடுப்பு மூட்டோடு, அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆள் அவர்தான். அந்தப் பருவத்தில் 85 ஆட்டம், 16 ஹோம் ரன். செப்டம்பர் 27 அன்று வைட் சாக்ஸ் தன் பிரிவின் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்திலும், மூன்று ரன் தந்த அடி அவருடையது. 1994இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு 75 ஆட்டம், 13 ஹோம் ரன். அத்தோடு முடித்துக்கொண்டார்.

மூட்டு மாற்று ஒருவருக்கு எதைத் திருப்பித் தருகிறது, எதைத் தராது என்பதை அளக்க மருத்துவர்கள் கேள்வித்தாள்களை வைத்திருக்கிறார்கள். ஜாக்சனுக்கு அது தேவையில்லை. அவருடைய பேஸ்பால் பதிவேடே போதும். பேஸ்பாலில் எறிபவர் பந்தை விடும் நொடியில், அடுத்த பேஸுக்கு 90 அடி பாய்ந்து ஓடிச் சேர்வதை 'பேஸ் திருடுவது' என்பார்கள். கால் வேகத்துக்கு அதைவிட நேரான அளவு இல்லை. அடிபடும்முன், 1986 முதல் 1990 வரை ஜாக்சன் திருடியது 81. அடிபட்டபின் எஞ்சிய மூன்று பருவங்களிலும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஹோம் ரன்னோ முன்பு 109, பின்பு 32. ஆடிய ஆட்டங்கள் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்தால், அடிக்கும் பலம் ஓரளவு திரும்பியிருக்கிறது. ஓட்டம் திரும்பவே இல்லை. முதுகும் தோளும் கையும் சேர்ந்து செய்யும் வேலையைச் செயற்கை மூட்டு தாங்கிக்கொண்டது. தரையை உதைத்துப் பாயும் வேலை அதன் சக்திக்கு மீறியது. மூட்டு மாற்றினால் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்கிற ஒவ்வொரு இளைஞருக்கும் இந்த இரண்டு கணக்குகளைத்தான் நான் காட்டுவேன்.

ஸ்டீராய்டு என்ற பழி

2005இல் கலிஃபோர்னியாச் செய்தித்தாள் ஒன்று, உடலை ஊதவைக்கும் ஸ்டீராய்டு எடுத்ததால்தான் ஜாக்சனின் இடுப்பு போனது என்ற பொருளில் ஒரு கூற்றை வெளியிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். செய்தித்தாள் அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. இதை இங்கே எழுதக் காரணம், அதே குழப்பம் நம்மிடமும் நிறைய இருப்பதுதான். ஜிம்மில் தசைக்காக எடுக்கும் அனபாலிக் மருந்து வேறு. ஆஸ்துமா, மூட்டுவாதம், லூபஸ் போன்றவற்றுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் வகை வேறு. எலும்புத் தலை சாவதற்கு நன்கு நிறுவப்பட்ட காரணமாக இருப்பது இரண்டாவது வகை.

2021இல் மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கோவிடுக்குப் பின் இடுப்பு எலும்புத் தலை செத்த மூன்று நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த ஸ்டீராய்டின் சராசரி மொத்த அளவு, பிரெட்னிசோலோன் கணக்கில் 758 மில்லிகிராம். பொதுவாக ஆபத்து என்று சொல்லப்பட்டுவந்த 2000 மில்லிகிராமுக்கு வெகு கீழே. கோவிட் கண்டறிந்ததிலிருந்து சராசரியாக 58ஆவது நாளில் வலி தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு அந்த நேரத்தில் பல உயிர்களைக் காத்தது, அதைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது எடுத்துத் தேறிய ஒருவர் தொடையிடுக்கில் வலிக்கிறது என்று வந்தால், வாயுப்பிடிப்பு என்று அனுப்பிவிடக் கூடாது. குடிப்பழக்கம், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய், ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோய் ஆகியவையும் இதே கதவைத் தட்டும் காரணங்கள். அரிவாள் செல் பண்பு இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல். அங்கே இளம் வயதில் இடுப்பு வலியோடு வருபவரிடம் இந்தக் கோணத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஜாக்சனுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய எலும்பு செத்ததை விளக்க அந்த ஒரு நழுவலே போதும்.

விவாதம்

மூட்டு நழுவினால் 6 மணி நேரத்துக்குள் உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்பது எலும்பியல் வார்டில் முதல் நாளே கற்பிக்கும் விதி. தாமதமானால் எலும்பு சாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஜாக்சனின் மூட்டு 6 மணி நேரம் வெளியே இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மையானால் சில நொடிகள்தான். அப்படியும் எலும்பு செத்தது. ஆகவே விரைவாக உள்ளே போனது என்பதை மட்டும் வைத்து யாரும் தப்பித்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. குழாய் அந்த நொடியிலேயே அறுந்திருக்கலாம், அல்லது பிற்பாடு உறைக்குள் தேங்கிய ரத்தம் நசுக்கியிருக்கலாம். இரண்டாவது காரணமென்றால் அதற்கு வைத்தியம் உண்டு.

2003இல் மூர்மன், வாரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. அமெரிக்கக் கால்பந்தில் இடுப்பு பாதி நழுவிய 8 வீரர்களை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். இருவருக்கு எலும்புத் தலை செத்து, மூட்டு மாற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் வகுத்த வழி தெளிவானது: மூட்டுக்குள் ரத்தம் நிறையத் தேங்கியிருந்தால் உடனே ஊசி வைத்து எடுத்துவிட வேண்டும். 6 வாரம் ஊன்றுகோலோடு, விரல் நுனி மட்டும் தரையைத் தொட நடக்க வேண்டும். 6ஆவது வாரம் எம்.ஆர்.ஐ. அதில் எலும்பு சாகும் அறிகுறி இருந்தால் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டாம். இல்லையென்றால் தைரியமாகத் திரும்பலாம். எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வீரர், பயிற்சியாளர், மருத்துவர் மூவரும் ஒரே தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1991இல் இப்படியொரு தேதி யார் கையிலும் இல்லை.

2019 நவம்பர் 16 அன்று அதே அலபாமா மாநிலத்தின் பல்கலைக்கழக அணி வீரர் துவா டகோவைலோவாவுக்கு வலது இடுப்பு பின்பக்கம் நழுவி, குழியின் பின்விளிம்பும் உடைந்தது. மைதானத்திலேயே மூட்டை ஏற்றினார்கள். விமானத்தில் கொண்டுபோய், இரண்டே நாளில் ஹூஸ்டனில் முறிவுக்கு அறுவை செய்தார்கள். ஜாக்சனின் பெயர் அந்த வாரம் எல்லாச் செய்தியிலும் அடிபட்டது. துவாவுக்கு எலும்பு சாகவில்லை. 2020 ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், மயாமி டால்ஃபின்ஸ் அவரை ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, அக்டோபரில் களமிறங்கினார். இவருக்கு நழுவல் முழுமையானது, கண்ணுக்கே தெரிந்தது, அதனால் யாரும் அலட்சியம் காட்ட வழியில்லை. பாதி நழுவி உள்ளே போய்விடும் மூட்டுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதிர்ஷ்டம் வேலை செய்வதற்கு இடம் கொடுத்தது அந்த முதல் இரண்டு நாட்கள்.

நம்மூரில் எங்கே பார்க்க வேண்டும்

காரில் முன் சீட்டில் உட்கார்ந்தவரின் முழங்கால் டேஷ்போர்டில் மோதும்போது இடுப்பு பின்பக்கம் நழுவுவது எல்லா அவசரப் பிரிவிலும் தெரிந்த கதை. முழங்காலில் காயம் தெரியும், எல்லோரும் முழங்காலையே பார்ப்பார்கள். கபடியில் ரெய்டருக்கு ஆங்கிள் ஹோல்ட் விழும்போது நடப்பதும் ஜாக்சனுக்கு நடந்ததற்கு வெகு பக்கத்தில் உள்ளது: ஆள் முன்னால் பாய்கிறார், கணுக்கால் பின்னால் பிடிபடுகிறது. அப்படி விழுந்தவர் தொடை மூட்டில் 'டக்'கென்று ஏதோ போய்வந்ததாகச் சொன்னால், அந்தச் சொல்லை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விடுவதும், காலை இழுத்துத் திருகிக் கட்டுப் போடுவதும் அந்த நேரத்தில் செய்யவே கூடாதவை. உறை கிழிந்து, குழாய் நூலிழையில் தொங்கும் மூட்டை இன்னொரு முறை திருகினால் மிச்சமிருப்பதும் போகும்.

வாரங்கள் கழித்து வரும் அறிகுறிகளை நம் அன்றாடப் பழக்கமே காட்டிக்கொடுக்கும். வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் இருக்கும், சில சமயம் முழங்காலுக்கு இறங்கும். முழங்கால் எக்ஸ்-ரே சுத்தமாக இருக்க, மாதக்கணக்கில் முழங்காலுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சாப்பிடச் சம்மணம் போட்டு உட்காரும்போது ஒரு பக்கத்து முழங்கால் மட்டும் தரைக்கு இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தியக் கழிப்பறையில் குந்த முடியாது. காலணி போடக் காலைத் திருப்பினால் சுள்ளென்று இழுக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினால் முதலில் குறைவது அந்த அசைவுதான். இத்தனையும் இருந்து எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தால், அடுத்துக் கேட்க வேண்டியது எம்.ஆர்.ஐ. அதுவும் இரண்டு பக்கமும். ஸ்டீராய்டு, குடி போன்ற காரணங்களால் வருவது பெரும்பாலும் இரண்டு இடுப்பையும் பிடிக்கும். வலிக்காத பக்கத்தில்தான் காப்பாற்ற ஏதாவது மிச்சமிருக்கும்.

எலும்புத் தலை உருண்டையாக இருக்கும்வரை, உள்ளே துளைபோட்டு அழுத்தத்தைக் குறைக்கும் கோர் டீகம்ப்ரெஷன் அறுவையை யோசிக்கலாம். செத்த பகுதி சிறியதாக இருந்தால், பாரம் தாங்கும் இடத்தை விட்டு விலகியிருந்தால், அது பலன் தரும் வாய்ப்பு அதிகம். பிறைக் கீற்று தெரிந்து தலை இறங்கத் தொடங்கிவிட்டால் அந்த அறுவையால் பெரிய நன்மை இல்லை. அப்புறம் பேச்செல்லாம் செயற்கை மூட்டை எப்போது வைப்பது, எத்தனை ஆண்டு தள்ளிப்போடலாம் என்பதைப் பற்றித்தான்.